வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கணவர் சொந்த லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 23,000 ரூபாய் வருகிறது. குழுக் கடன், அடகுக் கடன், ஐந்து வட்டி, நண்பருக்குப் போட்ட ஜாமீன் என்று நாலா பக்கமும் நெருக்குகிறது. ஐந்து வட்டிக்கு நான் வாங்கியது கணவருக்குத் தெரியாது. போன வருடம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், கடன் தீர வேண்டுமானால் விதைக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் 10,000 ரூபாய் கைமாற்று வாங்கி விதைப்புக் காணிக்கை கொடுத்தேன். கடன் தீரவில்லை. இப்போது மூன்றாவது குழுவில் 60,000 தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கி மற்றவற்றை அடைக்கலாமா? வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை நிறுத்தினால் சாபம் வருமா? கடன் வாங்கியதே பாவமா? சில இரவுகளில் விடியவே வேண்டாம் என்று இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடியவே வேண்டாம் என்று தோன்றும் இரவில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். அது முடியாவிட்டால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டும் அரசின் உதவி எண்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வங்கியில் 31 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் எங்கள் ஆலயத்துப் பக்க அறையில் கடன்பட்ட குடும்பங்களோடு உட்காருகிறேன். உங்களுடையதைவிட நான்கு மடங்கு கடனிலிருந்து வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கடன் தீரக்கூடிய கடன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கைப் போட முடிந்ததே நீங்கள் வைத்திருந்த ஐந்தாவது தாளால்தான். நான்கு பக்கக் கடிதத்தில் கண்ணீர் இருந்தது, கடன்களின் தொகை இல்லை. ஐந்தாவது தாள் உங்கள் அளவு நோட்டிலிருந்து கிழித்தது. மேலே மார்பு, இடுப்பு, கை நீளம் என்று யாரோ ஒருவருடைய ஜாக்கெட் அளவு. அதன் கீழே பென்சிலில் ஐந்து வரிகள். ஐந்து வட்டி என்ற வரியை எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அழித்த தடம் தாளில் தெரிகிறது. உங்கள் விடுதலை அந்த வரியை மறுபடியும் எழுதிய இடத்தில் தொடங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தாளை இங்கே எடுத்து எழுதுகிறேன், மற்ற வாசகர்களும் பார்க்கட்டும். இரண்டு குழுக் கடனில் பாக்கி 38,000, 26,000. அவற்றுக்கு மாதத் தவணை 2,900, 2,400. ஐந்து வட்டியில் அசல் 50,000, மாத வட்டி 2,500. அம்மா போட்ட இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடையில் 50,000 ரூபாய்க்கு இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு வட்டி, எட்டு மாதமாகக் கட்டவில்லை, ஆக 58,000. கணவர் ஜாமீன் போட்ட நண்பர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் உங்கள் தலையில் விழுந்த 90,000. அதற்கு மாதம் 3,000 கட்டுகிறீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு 10,000. மொத்தம் 2,72,000 ரூபாய்.

மாதம் உங்கள் கையைவிட்டுப் போகும் தவணையும் வட்டியும் 10,800. தசமபாகம் 2,300. மீதி 9,900 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட்டு, பள்ளிக்குப் போய், கேஸும் கரண்டும் கட்ட வேண்டும். மாதாமாதம் இரண்டாயிரம் துண்டு விழுகிறது, அதை அங்கே இங்கே வாங்கிச் சரிக்கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

கடன் வாங்கியதே பாவமா என்று கேட்டீர்கள். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து கதறுகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். அவள் கணவன் யார்? தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படிப்பட்டவனும் கடனோடுதான் செத்தான். வேதம் அவனைக் குற்றம் சொல்லவில்லை, எலிசாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வது கடன்பட்டவனின் நிலையைத்தான். கடன்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததாக எழுதினீர்களே, அந்த நிலை. வேதம் துன்மார்க்கம் என்று சொல்வது, வாங்கிவிட்டுச் செலுத்தாமல் போவதை. நீங்கள் செலுத்தத் துடிக்கிறீர்கள்.

எலிசா என்ன செய்தார் என்று கவனியுங்கள். வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது, சொல் என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் என்றாள். அயல்வீட்டாரிடம் கேட்டு வாங்கச் சொன்னது வெறும் பாத்திரங்களை மட்டும். பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கச் சொன்னார். எண்ணெய் நிரம்பியபின் அவர் சொன்ன வரிசையைப் பாருங்கள்: எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள். விற்பனை, கடன், பிழைப்பு. அற்புதம் செய்த தீர்க்கதரிசி தனக்கென்று ஒரு கலம் எண்ணெய் கேட்கவில்லை. கடன்பட்ட பெண்ணிடம், முதலில் எனக்குக் கொண்டுவா, பிறகு உனக்குப் பெருகும் என்று அவர் சொல்லவில்லை. உங்களிடம் விதைப்புக் காணிக்கை கேட்டவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்திருக்கலாம். எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்தப் பத்தாயிரம் பக்கத்து வீட்டு அக்காவின் பணம். கர்த்தர் உங்கள் விதையை ஏற்கவில்லை, உங்கள் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எலிசாவின் கேள்வியையே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

மோட்டார் மிஷின் இருக்கிறது. லோடு ஆட்டோ இருக்கிறது, அதன் கடன் முடிந்துவிட்டது. இரண்டையும் விற்பதையோ அடகு வைப்பதையோ நினைக்க வேண்டாம். திரிகைக் கல்லை யாரும் அடகாக வாங்கக் கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோல என்று உபாகமம் 24:6 சொல்கிறது. அன்றைக்கு மாவு அரைத்த கல், இன்றைக்கு உங்கள் மிஷின்.

பிறகு, சங்கிலி. அம்மா போட்டது, எப்படியாவது திருப்பிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் புரிகிறது. ஆனால் அது உங்கள் கழுத்தில் இல்லை. வேறொருவர் பெட்டிக்குள் இருக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் தின்றுகொண்டு. இப்படியே விட்டால் ஒருநாள் மூழ்கிவிடும், உங்களுக்குச் சங்கிலியும் இல்லை, அதன் விலையும் இல்லை. நீங்கள் அடகு வைத்த காலத்து விலை வேறு, இன்றைய தங்க விலை வேறு. இன்று திருப்பி விற்றால், அடகுக் கடைக்கு 58,000 கொடுத்தது போக நிற்கும் தொகையில் ஐந்து வட்டியின் 50,000 அசலையும் அடைக்கலாம். அதற்கு மேலும் மிஞ்சும், அது 26,000 ரூபாய்க் குழுக் கடனுக்குப் போகட்டும். விற்றுவிடுங்கள் என்பதே என் முடிவான ஆலோசனை. வங்கியில் குறைந்த வட்டிக்கு மாற்றி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண நேரத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். வருடத்துக்கு 60 சதவீதம் தின்னும் ஐந்து வட்டி வீட்டுக்குள் இருக்கும்போது அதைச் சொல்ல மாட்டேன்.

திருப்ப முதலில் 58,000 வேண்டுமே என்பீர்கள். அடகு நகையை மீட்டு வாங்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள், எடையிலும் விலையிலும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணன் துறைமுகத்தில் வேலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் உண்மையைச் சொல்லி அரை நாளுக்குப் பணம் கேளுங்கள். அவரும் கூட வரட்டும். காலையில் திருப்பி, இரண்டு கடைகளில் எடையும் விலையும் கேட்டு, ரசீதோடு விற்று, அன்று மதியமே முதல் பணத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைத்தான் தள்ளிப்போடுகிறீர்கள். கணவரிடம் சொல்ல வேண்டும். எங்கள் சனிக்கிழமை அறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. வட்டியைவிட வேகமாகக் கடனை வளர்ப்பது ஒளிவு. ஒளித்த கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், அதை ஒளிக்க ஒரு பொய், அந்தப் பொய்க்காக வீட்டுச் செலவில் ஒரு கள்ளக் கணக்கு. எலிசா கதவைப் பூட்டச் சொன்னார் அல்லவா, பூட்டிய கதவுக்கு உள்ளே தாயும் பிள்ளைகளும் சேர்ந்துதான் இருந்தார்கள். ஒருவர் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க, ஒருவர் வார்த்தார்.

பிள்ளைகள் தூங்கியபின், ஞாயிற்றுக்கிழமை இரவு சொல்லுங்கள். பேச்சு வராவிட்டால் அந்த அளவு நோட்டுத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கோபப்படலாம். நண்பனுக்கு அவர் கையெழுத்துப் போட்டதும் அதே தாளில் இருக்கிறது, ஆகவே கோபம் நெடுநேரம் நிற்காது என்று நம்புகிறேன். கை ஓங்கும் சுபாவமுள்ளவர் என்றால் தனியாகச் சொல்ல வேண்டாம், அண்ணனையோ உங்கள் சபை ஐயரின் மனைவியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இனி ஐந்து வட்டி. 22 மாதமாக மாதம் 2,500 கட்டியிருக்கிறீர்கள், 55,000 ரூபாய். அசலைவிட அதிகமாகக் கொடுத்தாகிவிட்டது, அசல் அப்படியே நிற்கிறது. நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் இதே அழுகுரல் கேட்கிறது. வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்தோம், பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்று ஜனங்கள் அழுகிறார்கள். நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. பிரபுக்களைச் சபை கூட்டிக் கேட்டார், தண்டிய வட்டியைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அந்த வட்டி எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஒன்று.

ஆகவே சட்டத்தின் உதவியை நாடுவது கிறிஸ்தவப் பொறுமைக்கு விரோதம் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003இல் வந்த சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கந்து வட்டி வாங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன்பட்டவர் உரிய பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் அதில் வழி உண்டு. முதலில் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞரை இலவசமாகவே தருவார்கள். அவர் சொல்வதைக் கேட்டபின் தீர்க்கப் போங்கள். அண்ணனும் ஊரில் மதிப்புள்ள ஒருவரும் கூட இருக்கட்டும். நீங்கள் வெறும் புரோநோட்டிலும் எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இரண்டும் கைக்கு வந்தபின் பணம் கைமாறட்டும். தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தேடித் தருகிறேன் என்றால் பணமும் நாளைக்கே. வீட்டுக்கு வந்து மிரட்டினால் அன்றே காவல் நிலையத்திலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மூன்றாவது குழுவின் 60,000 வேண்டாம். குழுக் கடனே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் மோட்டார் மிஷினே முதல் குழுக் கடனில் வாங்கியது. ஆனால் கடனை அடைக்க வாங்கும் கடனில் பாதி வீட்டுச் செலவிலேயே கரைந்துபோகும், இருந்த கடனும் பாதி நிற்கும். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரும்போது, குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்குப் பாதி என்பது 11,500. கட்டாமல் நிற்கும் அடகு வட்டியையும் சேர்த்தால் நீங்கள் ஏற்கெனவே 11,800இல் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கடன் தர முன்வருபவர் இதைக் கேட்காமலே தருகிறார் என்றால், அவர் பார்ப்பது அவருடைய இலக்கை. இன்னொன்று, குழுத் தவணைக்காகக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் உங்களை அழைத்துத் தொந்தரவு செய்ய அதே விதியில் தடை இருக்கிறது. இரவு எட்டு மணிவரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதினீர்கள். அடுத்த முறை அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நிறுவனத்துக்கு எழுதுங்கள், முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். 14448இல் விவரம் கேட்கலாம்.

ஜாமீன் விஷயத்தில் சுருக்கமாக. கையடித்துப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது, ஆனால் உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், சட்டப்படி அது அவர் கடனும்தான். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் பெயரிலேயே ரசீது வாங்கி வையுங்கள். ஜாமீன்தாரர் கட்டியதை அசல் கடனாளியிடமிருந்து வசூலிக்கும் உரிமை அவருக்கு உண்டு. நண்பரின் பெற்றோர் அதே ஊரில் இருப்பதால், சண்டைக்காக இல்லாமல் நேரில் போய்க் கேட்கட்டும். ஒரே தவணையில் முடித்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அந்த நிறுவனத்திடம் பிறகு பேசலாம், இப்போது அதற்குக் கையில் பணம் இல்லை.

தசமபாகத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்று தெரிகிறது. மாதம் இரண்டாயிரம் துண்டு விழுகிறது என்றீர்கள், தசமபாகம் 2,300 கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் காணிக்கைப் பையில் விழுவது பெரும்பாலும் கடன் கொடுத்தவர்களின் பணம். ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12இல் பவுல் எழுதுகிறார். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் முடிவையும் வாசியுங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் யார் சாப்பிட? லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய. இன்றைய உங்கள் நிலையில் நீங்கள் பெற்றுக்கொள்கிறவர்களின் வரிசையில் இருக்கிறீர்கள். மல்கியா புத்தகத்தைக் காட்டிச் சாபம் என்று பயமுறுத்துகிறவர்கள் அந்த வரிசையை உங்களுக்குக் காட்டவில்லை. இந்த விஷயத்தில் என்னோடு உடன்படாத போதகர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன், ஆனாலும் என் மனசாட்சிப்படி இதைத்தான் சொல்ல முடியும். கடன் தீரும்வரை 2,300 வேண்டாம்.

கொடுப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் பாட்டி காலத்துப் பிடியரிசி நினைவிருக்கிறதா? உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்த அரிசி அந்த வீட்டுப் பானையிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியதாக இராது. அந்த அளவில், மனமகிழ்ச்சியாகக் கொடுங்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் மட்டும் இந்த இரண்டு வருடம் உங்கள் கணவர் வாயைத் திறக்க வேண்டாம். ஒரு பப்பாளிப் பழத்தைப் போட்டிக்கு ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துவிட்டு, தலைநிமிர்ந்து நடந்து, மறுவாரம் வட்டிக்கு அலைந்தவர்களை எங்கள் சபையிலேயே கண்டிருக்கிறேன்.

சங்கிலியை விற்று ஐந்து வட்டியையும் சிறிய குழுக் கடனையும் முடித்தால், மாதம் 2,500, 2,400, ஆக 4,900 ரூபாய் கையில் நிற்கும். இது சம்பாத்தியம் கூடியதுபோலத் தோன்றும், செலவு செய்ய ஆசை வரும். இடம் கொடுக்காதீர்கள். 2,900 ரூபாயைப் பெரிய குழுக் கடனில் தவணைக்கு மேல் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஏழெட்டு மாதத்தில் அது முடிந்துவிடும். பிறகு அந்த 5,800 ரூபாயும் ஜாமீன் கடன் பக்கம் திரும்பட்டும். ஆயிரம் ரூபாயை அஞ்சலகச் சேமிப்பில் போடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆட்டோ டயர் என்று எது வந்தாலும் வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் காப்பாற்றப் போவது அந்த ஆயிரம்தான். டிசம்பரில் உங்கள் மிஷின் இரவும் பகலும் ஓடும், ஊரார் கிறிஸ்துமஸ் துணியெல்லாம் உங்கள் கையில். அந்த மாத வருமானம் வீட்டுச் செலவில் கலந்துவிடாமல் அப்படியே கடனுக்குப் போகட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு செட் துணி போதும், தைப்பது அம்மாதானே.

மீதி ஆயிரம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு. பத்து மாதத்தில் தீரும். வட்டி கேட்கிறவருக்கு முதலில் கொடுக்கிறோம், வட்டி கேட்காமல் கொடுத்தவரைக் கடைசியில் தள்ளுகிறோம், பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு உறவையே இழக்கிறோம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார். ஆறு மாதமாகக் குழாயடிக்குப் பின்சந்து வழியாகப் போய்வருவதாக எழுதியிருந்தீர்கள், அந்த அக்கா வாசலைக் கடக்காமல் இருக்க. வருகிற மாதம் முதல் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.